திறப்பை என் கையில் தந்தவர்

பழுதாகி நின்ற என் சீதனக் காரைக் கொம்பனிக் கராஜில் திருத்த எடுக்கவில்லை. "இதுக்குச் சாமான் வாறல்லம்மா, இரும்புக்குக் குடுங்க" என்றார்கள். ஓடாவிட்டால் விற்றுவிடுவேன் என்றான் மகன். களைத்துப்போய் ஏறாவூரில் ஒரு சின்னக் கராஜுக்கு இழுத்துப்போனோம்.

அந்தக் கராஜ்காரருக்குத் தாடி நரைத்திருந்தது. திருத்திய காரை உடையவர்தான் முதலில் ஸ்டார்ட் பண்ணவேண்டும் என்பது அவர் பிடிவாதம். மகன் திறப்புக்குக் கை நீட்டினான்.

"ஆர்ட கார் இது?"

"அம்மாட சீதனம்."

"அப்ப அம்மா பண்ணட்டும்."

"நான் பின்சீற்றுக்காரி, தம்பி. திறப்ப எப்பவும் என்ட மனுசன்தான் வெச்சிருந்தார்."

"இனி நீங்க வெச்சிருங்க."

திறப்பை என் கையில் வைத்தார். ஏறி உட்கார்ந்து திருப்பினேன். கார் இருமிக்கொண்டு எழும்பியது.

திறப்பு இன்னும் என் முந்தானை முடிச்சில்தான் இருக்கிறது. மகன் விற்கிற கதையை எடுப்பதில்லை. அந்த மனிதர் விற்கிற கதை தெரிந்துதான் திறப்பைத் தந்தாரா, அது கராஜ் வழக்கம்தானா? அன்று கேட்கத் தோன்றவில்லை.