பல்லக்கா டொமைனை மீட்ட கதை

பொய்ப்பல் செய்து பிழைக்கும் அந்த அம்மாளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் மேசையும் கம்ப்யூட்டரும். பின்னறை அலமாரி முழுக்க யார் யாருடைய பற்களோ இளித்துக்கொண்டிருக்கும். பல் டாக்டர்கள் ஆர்டர் கொடுப்பது பல்லக்காவின் வெப்சைட் வழியாகத்தான்.

வெப்சைட்டை அமைத்தது கூடப்பிறந்த தம்பி. அதற்கான பெயரை, அதாவது டொமைனை, வாங்கியதும் அவனே. "நீ பல்லைப் பாருக்கா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொண்ட லட்சணம் ஒரு நாள் காலையில் தெரிந்தது.

டாக்டர் ஒருவர் போன் செய்தார்.

"என்னம்மா, தொழிலை மாத்திட்டீங்களா? உங்க சைட்டைத் திறந்தா வழுக்கைக்கு மருந்து விக்கறான்!"

பல்லக்கா டொமைன் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். புதுப்பிக்காததால் காலாவதியாகிவிட்டதாம். அப்படிக் கிடக்கும் பெயரில் கண்ட விளம்பரமும் ஓடுமாம்.

"அதுக்கென்ன, இப்பவே கட்டிடறேன்."

"டொமைன் உங்க பேர்ல இல்லீங்களே" என்றாள் போனில் பேசிய பெண். "பதிவுல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர்."

"ராப்பகலா பல்லு ராவறது நான், ஓனர் அவனா?"

"ஆமாங்க. வேற யாராவது வாங்கறதுக்குள்ள அவரைப் புதுப்பிக்கச் சொல்லுங்க."

அழைத்த குரலுக்கு ஓடிவந்த தம்பி தலையைச் சொறிந்தான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. புதிது வாங்க, பதிவில் இருக்கும் ஈமெயிலுக்குத்தான் லிங்க் வரும். அதுவோ பழைய ஆபீஸ் கொடுத்த ஈமெயில்; வேலையை விட்டதோடு அதையும் மூடிவிட்டார்கள். அந்த ஆபீஸை விட்டுப் போகும்போது, மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டி எல்லோருக்கும் மெயில் தட்டிவிட்டுத்தான் போயிருந்தான் இந்த மகராசன்.

"உனக்குன்னு சொந்தமா ஒரு மெயில் இல்லையாடா?"

"ஆபீஸ் மெயில்னா கெத்தா இருக்கும்னு..."

"செருப்பை மாட்டு. கிளம்பு."

பழைய ஆபீஸில் மேனேஜர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் டப்பாவை மூடினார்.

"சார், உங்களை எருமைன்னு சொன்னதுக்கு இவன் மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்" என்று பல்லக்கா தம்பியின் முழங்கையைக் கிள்ளினார்.

"எருமைன்னு சொல்லலையேம்மா. கழுதைன்னுதான் சொன்னார்."

"ரெண்டும்தான் சார்" என்றான் தம்பி, பெரிய நியாயவான் மாதிரி. "ரெண்டாவது பக்கத்துல இருக்கும்."

மேனேஜர் அவனை முறைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "அதுவரைக்கும் நான் படிக்கவே இல்லப்பா!" கம்ப்யூட்டர் பார்க்கும் ஆளைக் கூப்பிட்டு, மூடிக் கிடந்த அந்த மெயிலை மறுபடி திறக்கச் சொன்னார். லிங்க் வந்தது, பாஸ்வேர்டு மாறியது. அங்கேயே உட்கார்ந்து பல்லக்கா பணத்தைக் கட்டினார். மாலைக்குள் வழுக்கை மருந்து ஒழிந்து பற்கள் திரும்பின.

பல்லக்கா அதோடு விடவில்லை. மறுநாள் பல கம்பெனிகளுக்குப் போன் போட்டு விசாரித்தார். முதல் வருஷம் சல்லிசாகக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் கழுத்தை அறுக்கிறவன், எந்த எண்ணை அழுத்தினாலும் பாட்டு மட்டுமே போடுகிறவன், எல்லோரையும் கழித்துக்கட்டினார். புதுப்பிக்க என்ன விலை என்று ஒளிக்காமல் சொன்ன, மனுஷக் குரலில் பதில் சொன்ன ஒரு கம்பெனியைப் பிடித்தார். டொமைனை அங்கே மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைத் தம்பியிடம் கேட்டார்.

"என்னை நம்பலையாக்கா?" அவன் மூஞ்சி தொங்கிப்போனது.

"உன்னை நம்பறேன்டா. உன் வாயைத்தான் நம்பல. எந்த வேலையில எத்தனை நாள் இருப்பியோ!"

டொமைன் பல்லக்காவின் பேருக்கு, அவருடைய சொந்த மெயிலுக்கு மாறியது. யாரும் நைசாக வேறிடத்துக்குக் கொண்டுபோகாதபடி பூட்டும் போட்டார். தம்பி கொஞ்ச நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு சோபா துடைக்கும் தொழில் ஆரம்பித்து, தனக்கொரு டொமைன் வாங்க அக்காவிடமே வந்து நின்றான். ஓனர் பெயர் கேட்கும் கட்டம் வந்ததும், கூட வந்த அவன் மனைவி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என் பேர்லதான் இருக்கணும் அண்ணி" என்றவள், புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் மெயிலை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.