விறாந்தையில் ஆறு நிமிடம்

பல வருடம் கடைத்தெருவில் அப்பம் சுட்டு விற்றேன். விறகுப் புகை நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கித் தலையில் ஊற்றவும் மூச்சில்லை. தம்பியின் மனைவி, என் மச்சாள்தான் குளிக்கவார்த்தாள்; அவளுக்கு நானும் மச்சாள். சின்னப்பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்னும். எப்படியாவது தனியாகக் குளித்துவிட வேண்டும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் நுரையீரல் பயிற்சி என்றதும் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். ஓடி என்பது பேச்சுக்கு. ஓட்டோவில்தான் போனேன்.

பயிற்சிக்கென்று அங்கே அறை கிடையாது. மணல் நிரப்பிய சோடாப் போத்தல்கள்தான் தூக்கும் பாரம். விறாந்தையின் இரு முனையிலும் ஒவ்வொரு கதிரை. ஆறு நிமிடத்தில் எத்தனை தரம் இடையில் நடந்து போய்வருகிறோம் என்று பயிற்சி தரும் பிள்ளை எண்ணுவாள். அதுவும் நோயாளரைப் பார்க்கச் சனம் வரும் நேரத்தில்!

முதல் நாள் பத்தடி வைக்கவில்லை, என்னிடம் அப்பம் வாங்கும் ஒருத்தி மறித்தாள். "என்னக்கா, ஆருக்குச் சுகமில்லை?" நின்று பதில் சொன்னேன். அடுத்து ஒரு தம்பலகாமத்துக்காரர், யானை வயலுக்குள் இறங்கிய கதை. அதையும் நின்று கேட்டேன்.

"நாலு தரம்தான் போய்வந்தனீங்கள் அம்மா," என்றாள் பிள்ளை.

"சனம் கதை கேட்டா நிக்காமல் போக ஏலுமோ? நானென்ன மரமோ?" என்று பாய்ந்தேன்.

உண்மை வேறு. நடந்தால் எனக்குக் கதை வராது. கதைத்தால் கால் வராது. நிற்க ஒரு சாட்டுக் கிடைத்ததே என்றுதான் நின்றேன்.

இரண்டு மாதம் போத்தல் தூக்கினேன். உதட்டைக் குவித்து ஊதினேன். "அடுப்பூதுறீங்களோ?" என்று மச்சாள் பகிடி பண்ணினாள்.

கடைசி நடைச் சோதனையன்று, முன்பு எனக்குத் தேங்காய் கொண்டுவந்து தந்த கிண்ணியாப் பெண் எதிரே வந்துவிட்டாள்.

"அக்கா! கொஞ்சம் நில்லுங்களேன், எவ்வளவு கதை கிடக்கு!"

"நிக்க ஏலாது. நடந்துகொண்டே சொல்லுங்க!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். மகளின் கலியாணம், மருமகனின் கோபம், எல்லாம் வந்தது. நானும் விடவில்லை, சொல்லுக்குச் சொல் கொடுத்தேன். ஆறு நிமிடம் முடிந்தபோது அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"அம்மா, கதைச்சுக்கொண்டெல்லோ நடந்தனீங்கள்!" என்றாள் பிள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை மச்சாளை வெளியே அனுப்பிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தினேன். ஒரு வாளி. இன்னொரு வாளி. மூன்றாவதும் வார்த்தேன். வெளியே நின்றவளுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சாள், உயிரோட இருக்கிறீங்களோ?"

குரலே சரியில்லை. பாவம், பயந்துபோனாள்.

"ஓம் ஓம். முதுகு மட்டும் எட்டுதில்லை. வந்து தேய்ச்சுவிடு."

முதுகை நான் முதல் வாளியிலேயே தேய்த்து முடித்திருந்தேன். அதை அவளுக்கு இன்றுவரை சொல்லவில்லை.