வெள்ளைப் பலகையும் மூன்றாவது முறை எழுதிய சட்டத் தேர்வும்

மூன்றாவது முறை தேர்வு எழுதப் போன அன்று நான் ஜெபித்தது விசுவாசத்தினாலா, பயத்தினாலா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. பயந்தவளின் ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டார் என்பது மட்டும் நிச்சயம். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கிரேஸ். மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் இருக்கிறோம். கணவர் சாமுவேல் சிங்கப்பூரில் டெக்னிஷியன். விடியும் முன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய், மாலை ஏழு மணிக்குத் திரும்புவார். மகள் ஏஞ்சலுக்கு நான்கு வயது. அவள் பிறந்தபோது பாதியில் விட்ட வணிக நிர்வாக டிப்ளோமாவை ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகத் தொடர்ந்தேன்.

மற்ற பாடங்களில் எப்படியோ தேறினேன். வணிகச் சட்டத்தில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்தது. பிள்ளைக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் படிக்காமல் இருந்ததில்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஏழெட்டு முறை வாசிப்பேன். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கோடு போடுவேன். கடைசியில் கோடு போடாத வரியே இருக்காது. பிறகு எல்லாரும் செய்வதுபோல எந்தக் கேள்வி வரும் என்று ஊகித்து 'ஸ்பாட்' பண்ணுவேன். இரண்டாவது முறை ஆறு தலைப்புகளை எடுத்துக்கொண்டு, அந்த ஆறும் வர வேண்டும் என்று உபவாசமிருந்து ஜெபித்தேன். இரண்டுதான் வந்தன. தேர்வுத்தாள் எப்போதோ அச்சாகி உறைக்குள் போயிருக்கும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டையும் முழுதாக எழுத முடியவில்லை. எந்தப் பக்கம், எந்த நிறம் என்பது நினைவிருந்தது. என்ன இருந்தது என்பது நினைவில்லை.

கடிதம் வந்த வாரம், "ஆண்டவரே, எனக்குப் படிக்கத் தெரியவில்லை, கற்றுக்கொடும்" என்று மட்டும் ஜெபித்தேன்.

கணவர் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர். சனிக்கிழமைகளில் மறுநாள் வசனத்தைச் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதி, ஏஞ்சலிடம் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பார். ஒரு சொல்லை அழிப்பார். அவள் முழு வசனமும் சொல்வாள். இன்னொன்றை அழிப்பார். மறுபடி சொல்வாள். அந்தச் சனிக்கிழமையும் கடைசிச் சொல்வரை அழித்தார். வெறும் பலகையைப் பார்த்தபடி என் மகள் தடங்கல் இல்லாமல் சொன்னாள். அவளுக்கு இன்னும் வாசிக்கவே வராது.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. வாரா வாரம் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் உறைத்தது.

"என்னங்க, இத என் சட்டப் பாடத்துக்குச் செய்ய முடியுமா?"

"முடியுமே. ஆனா டீச்சருக்கு தே தாரிக் போட்டுத் தரணும் லா."

ஏழு வாரங்கள், தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தேநீரோடு அரை மணி நேரம். நான் எழுதுவேன், அவர் அழிப்பார், நான் சொல்வேன். அவர் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். சட்டம் தெரியாது. ஹெல்மெட் அழுத்திய முடியோடு, கண் சொக்கச் சொக்க உட்கார்ந்திருப்பார். ஆனாலும் விடமாட்டார்.

"இது எனக்குத் தெரியும்ங்க."

"தெரிஞ்சா சொல்லு. புத்தகத்த ஏன் எட்டிப் பாக்குற?"

ஒருவர் கேட்பதை மற்றவர் தெளிவாக ஏற்றால்தான் ஒப்பந்தம் என்பது ஒரு பாடம். அன்று அவர் கேட்டார்: "உங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டப்போ 'பாக்கலாம்'னாரே, அது ஏத்துக்கிட்டதா?"

"இல்லங்க. நிபந்தனை இல்லாம, தெளிவா சொல்லணும்."

"அலமாக்! அப்போ நம்ம கல்யாணமே செல்லாதா?"

"அப்புறம் சர்ச்சுல நான் தெளிவாச் சொன்னேனே!"

சில நாள் எனக்கு எரிச்சல் வரும். "நீங்களே போய் எழுதுங்க" என்பேன். "நான் எழுதினா ரெண்டு பேரையும் சேத்து நீக்கிடுவாங்க" என்பார். வார இறுதியில் பழைய கேள்வித்தாளைக் கொடுத்து, கைப்பேசியில் நேரம் வைத்து எழுதச் சொல்வார். அந்த மூன்று மணி நேரமும் ஏஞ்சலைத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

தேர்வு அன்று உபவாசம் இருக்கட்டுமா என்று கேட்டேன். "ரொட்டி சானாய் வாங்கிட்டேன், சாப்பிட்டுப் போ. பட்டினியா வான்னு ஆண்டவர் சொல்லல" என்றார்.

தேர்வு மண்டபத்தில் பயம் விடவில்லை. "கேள்வி எதுவானாலும் என் கையைப் பிடித்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். விடைத்தாளின் ஓரத்தில் தலைப்புகளை வரிசையாக எழுதிக்கொண்டேன். தெரிந்த கேள்வியில் தொடங்கினேன். மதிப்பெண்ணைப் பார்த்து நேரத்தைப் பிரித்துக்கொண்டேன். நான்காவது கேள்வியில் ஒரு வியாபாரி, "யோசிக்கிறேன்" என்று பதில் எழுதியிருந்தார். அப்பா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அதன்பின் பயம் இல்லை.

'பி' கிரேடில் தேறினேன். முடிவைக் கணவருக்கு அனுப்பியபோது அவர் பாலத்தில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தார். உடனே கூப்பிட்டார். "கத்திட்டேன் கிரேஸ், பக்கத்து மோட்டார்காரர் பயந்துட்டார்!" என்றார். ஆண்டவர் இப்படி ஒருவரை எனக்குத் தந்திருக்கிறார். அவரே தினமும் களைத்து வருபவர், என் களைப்பைத்தான் பார்த்தார்.

இப்போது நான் இந்தக் கேள்வி வரட்டும் என்று ஜெபிப்பதில்லை. உங்களில் யாராவது தோற்ற தாளை ஒளித்து வைத்திருந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டே ஜெபியுங்கள். தெரியவில்லை என்று அவரிடம் சொல்ல வெட்கம் வேண்டாம்.

அடுத்த தேர்வு புள்ளியியல். சூத்திரம் எல்லாம் மனப்பாடம். எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்பதுதான் பிடிபடவில்லை. பலகையில் எழுதி அழித்துப் பார்த்தோம், இரண்டு பேருமே விழித்தோம். சிறு பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தில் தேறிய சகோதரிகள் இருந்தால், நீங்கள் எப்படிப் படித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.