பதினைந்து மில்லி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்றாலே சிரிக்கிற ஆள் நான். அதுவும் இது நடந்தது பட்டப்பகலில்.

ஆஸ்பத்திரிக்குத் தானமாக வரும் தாய்ப்பாலைப் பதப்படுத்துவது என் வேலை. வார்டில் என்னைப் 'பால்காரி' என்றுதான் கேலி செய்வார்கள். 62.5 டிகிரி வெந்நீரில் சரியாக முப்பது நிமிடம். சூடு கூடினால் சத்து போய்விடும், குறைந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும். கத்திமேல் நடக்கிற வேலை.

அன்று கையில் இருந்தது ஒரே பாட்டில், நூறு மில்லி. பெற்ற குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் கொடுத்தது. வார்டில் 'தொள்ளாயிரம்' காத்திருந்தான். எடை தொள்ளாயிரம் கிராம், அதனால் அந்தப் பெயர். பவுடர் பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேளைக்குப் பதினைந்து மில்லி தாய்ப்பால்தான் அவன் உயிர்.

மதியம் 2.10. அரை மணி நேரம் முடிந்தது. தண்ணீர் 62.5. பாட்டிலுக்குள் இருந்த தெர்மாமீட்டர்... 37.

வேறொன்றை இறக்கிப் பார்த்தேன். அதுவும் 37. வெந்நீரில் கிடந்த கண்ணாடியைத் தொட்டால் உடம்புச் சூடுதான் இருந்தது.

விதிப்படி உடனே கொட்ட வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. மூடியை இறுக்கி மேசையில் வைத்தேன். இன்னொரு தடவை சூடாக்கலாம் என்று ஒரு நப்பாசை.

2.14.

க்ளக்...

விழுங்குகிற சத்தம்.

பாட்டிலில் பால் தொண்ணூற்றைந்து. மூடி திறக்கவில்லை. மேசையில் ஒரு சொட்டு இல்லை.

க்ளக்...

தொண்ணூறு.

இரண்டு கையாலும் பிடித்தேன். என்னால் நிறுத்த முடியவில்லை.

எண்பத்தைந்து.

நின்றுவிட்டது.

போன் அடித்தது. வார்டு நர்ஸ்.

"அக்கா, தொள்ளாயிரத்துக்கு யாரு பால் குடுத்தது?"

"நான் இன்னும் அனுப்பவே இல்லையே!"

"வயித்துக்குப் போற டியூப்ல இழுத்துப் பாத்தேன். பதினைஞ்சு மில்லி வந்துச்சு. இன்னும் திரியக்கூட இல்ல."

"அத என்ன பண்ணின?"

"பால்தானேன்னு திரும்ப உள்ளயே விட்டுட்டேன்..."

"எடுத்துரு! சீக்கிரம் எடுத்துரு!"

"வரமாட்டேங்குதுக்கா..."

அன்று மாலையே அவனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் பரிசோதனை அறிக்கை வந்தது. சூடாக்குமுன் எடுத்த சாம்பிளில் கிருமி இருந்தது. அந்தத் தாயை எச்சரிக்கலாம் என்று போன் செய்தேன். கணவர்தான் எடுத்தார்.

"அவ போய் நாலு நாளாச்சும்மா. காய்ச்சல்... புள்ளைக்குப் பசிக்கும், பால் குடுக்கணும்னு கடைசி வரைக்கும் பொலம்பிட்டே இருந்தா."

தொள்ளாயிரம் அன்று காலையில்தான் போயிருந்தான்.