நான் ஏறினால் எரிந்த விளக்கு

போன கிழமை என் மகன் முதல் தடவையாக என் அண்ணனின் படகை ட்ரெயிலரில் ஏற்றி, பிக்கப்பில் கொளுவி இழுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போனான். வழியில் ட்ரெயிலரின் பின்விளக்கு நூர்ந்துபோக, பின்னால் வந்த பஸ் ஒரு முழ இடைவெளியில் வந்து நின்றதாம். அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு இன்னும் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. அவனும் அண்ணனும் வளவுக்குள் குந்தியிருந்து வயர்களைப் புதிதாக மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இதே வேலை நடந்த வேறொரு பின்னேரம் நினைவுக்கு வந்தது.

சண்டை சற்று ஓய்ந்து, கடலுக்குப் போக விட்டிருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கலாம். அம்மாவின் தம்பியான மாமா கந்தளாய்க்கு மீன் ஏற்றும் பழைய பிக்கப் ஒன்றும், ஒரு படகும், அதை ஏற்றி இழுக்க ஒரு ட்ரெயிலரும் வைத்திருந்தார். குச்சவெளிக் கரையில் படகு விட அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. அன்று இருட்டுமுன் படகு அங்கே போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. படிப்பில் மனம் ஒட்டாத அண்ணனும் அவரோடு அங்கேயே தங்கித் தொழிலுக்குப் போவதென்று, நீண்ட வாக்குவாதங்களுக்குப் பிறகு, வீட்டில் முடிவாகியிருந்தது.

கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா கடைசியில் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். ட்ரெயிலருக்கு விளக்குப் பூட்டாமல் அவருடைய பிள்ளை அந்த றோட்டால் போகக்கூடாது. எங்கள் பக்கத்தில் அப்போது ட்ரெயிலருக்கு விளக்குப் பூட்டுவது மாட்டுக்குச் சப்பாத்துப் போடுவதைப் போன்றது. மாமா முணுமுணுத்தபடி வயரும் விளக்குகளும் வாங்கி வந்தார். அண்ணன் போனால் யன்னலோரக் கட்டில் எனக்கு என்பதால், விளக்கு எரியவேண்டும் என்று நானும் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

மாமா பிக்கப்பின் பின்விளக்கு வயர்களைப் பிரித்து, ட்ரெயிலரின் வயர்களோடு ஒவ்வொன்றாக முறுக்கினார். இடது சிக்னல், வலது சிக்னல், பிறேக், பின்விளக்கு. பிக்கப்பிலிருந்து வந்ததில் மிஞ்சியிருந்த வெள்ளை வயரை ட்ரெயிலரின் இரும்பில் ஒரு திருகாணியால் இறுக்கினார். அதற்குப் பெயர் ஏர்த், கரண்ட் திரும்பிப் போகிற வழி என்று அண்ணன் எனக்குச் சொன்னான்.

உப்புக்காற்றில் வாழ்கிறவர்களுக்கு வெறும் இரும்பைக் கண்டால் கை சும்மா இராது. மாமா முதல் நாளே ட்ரெயிலர் முழுவதற்கும் படகுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ற்றைத் தடிப்பாக அடித்திருந்தார். பிக்கப்போடு ட்ரெயிலரைக் கொளுவும் இரும்புக் குண்டில் கிறீஸை வெண்ணெய் போல அப்பியிருந்தார். அம்மா சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, படகின் மூக்கில் மாலையும் கட்டினார். எங்கள் ஊர்த் தெருக்களில் ஆடுமாடு போலத் திரியும் மான்களில் ஒன்று கேற்றுக்குள் நுழைந்து மாலையில் பாதியைத் தின்றுவிட்டது. நல்ல சகுனம் என்றார் மாமா.

விளக்குத்தான் எரியவில்லை. மாமா உள்ளே இருந்து பிறேக்கை மிதித்தார். அண்ணன் பின்னால் நின்றான்.

"எரியுதோடா?"

"இல்லை மாமா."

கால் உளைந்ததில் நான் போய், படகுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ட்ரெயிலர்க் கம்பியில் ஏறி இருந்தேன்.

"எரியுது, எரியுது" என்றான் அண்ணன். அதைப் பார்க்க நான் இறங்கி ஓடினேன்.

"நூந்து போச்சு."

மறுபடி ஏறினேன். எரிந்தது. இறங்கினேன். நூர்ந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, உன்ர மோள் ராசிக்காரி. இவளையும் கட்டி ஏத்திக்கொண்டு போறன்" என்றார் மாமா.

"ஏத்துவாய். லைற்றுக்குப் பிள்ளையைப் பூட்டின முதல் ஆள் நீயாத்தான் இருப்பாய்" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. "எரியாட்டிப் போகவேண்டாம்" என்றார். அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. நானோ மறுபடி ஏறி, கோயில் வாகனத்தில் வைத்த சாமியைப் போல நிமிர்ந்திருந்து, பெருமையில் காலை ஆட்டினேன். பின்னால் விளக்கு மினுங்கியது. அதைக் கண்ட அண்ணன் கிட்ட வந்து குந்தினான்.

"ஆடாமல் இரு" என்றான். பிறகு, "இப்ப ஆடு." பிறகு மாமாவைக் கூப்பிட்டான். "இவள் அழுத்தேக்கை கிறீஸ் விலகி இரும்போடை இரும்பு முட்டுது. கரண்ட் அதுக்குள்ளாலை திரும்பிப் போகுது, அதாலைதான் எரியுது. நீங்கள் ஏர்த்தைப் பெயின்ற்றுக்கு மேலையெல்லோ இறுக்கியிருக்கிறியள்."

குசினிக்குள் ஓடி, மீன் வெட்டும் கத்தியை எடுத்து வந்து, இரும்பு வெளுக்கும்வரை பெயின்ற்றைச் சுரண்டி, வெள்ளை வயரை அதே இடத்தில் இறுக்கினான். என்னை இறங்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். மாமா தூக்கி இறக்கினார். நான் நிலத்தில் நின்றபோதும் அந்த நன்றிகெட்ட விளக்குகள் எரிந்துகொண்டேயிருந்தன. நான் அழுதேன். அண்ணனைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணனுக்கு இப்போது சொந்தமாக இரண்டு படகும் ஒரு தொந்தியும் இருக்கின்றன. அவனைப் பிரிந்து நான் அழுத கதையை இன்றும் ஆட்களுக்குச் சொல்கிறான்.

அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீற்றில் ஏறி இருந்தான். அப்போது, வாகனம் ஓட்டத் தெரியாத அப்பா மறுபக்கத்தால் ஏறி, மாமாவின் இடத்தில் இருந்தார். தானே ஒருமுறை பார்க்கவேண்டுமாம். என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்.

"பிறேக் எரியுதோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

"இடது?"

"ஓம்."

"வலது?"

"ஓம்."

"பிறேக்கை இன்னொருக்காப் பாப்பம்."

மாமா கதவைப் பிடித்தபடி நின்றார். "அத்தான், பற்றரி இறங்கப்போகுது. நீங்கள் இறங்குங்கோவன்."

"பொறு மச்சான். இடது கொஞ்சம் மங்கலோ தெரியாது."

மங்கல் இல்லை என்று நான் கத்திச் சொன்னேன். துறைமுகத்துக்கு மேலே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து "இருட்டமுன்னம் போய்ச் சேருங்கோ" என்று எல்லாரையும் விரட்டிய அம்மா, இப்போது அவசரமே இல்லாதவர் போலக் கேற்றில் சாய்ந்து நின்றார். அப்பா அண்ணனின் பக்கம் திரும்பவேயில்லை. முன்கண்ணாடியையே பார்த்தபடி பிறேக்கை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டு விளக்குகளும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன. நான் அதைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டுமிருந்தேன். அதற்குப் பிறகும் அவர் ஏன் "இன்னொருக்கா" என்று கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன்.