தலையில் போட்ட ‘தொடரும்’

“தூணை வெட்டுறவன் ஆசையில வெட்டுறானா, பயத்துல வெட்டுறானா? நீதான் பள்ளிக்கூடம் முடிச்சவளாச்சே, சொல்லேன்.”

யெல்கா அக்கா என்னிடம்தான் இப்படிக் கேட்டார். கேட்டுக்கொண்டே அவர் ஒரு தாளைக் கண்ணாடியின் ஓரத்தில் செருகினார். அவர் எழுதும் தொடர்கதையின் அந்த வாரப் பகுதி அது. சனிக்கிழமை காலையில் முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் படிக்கத்தான் வருகிறார்கள். நானும்தான்.

ஊருக்கே அவர் அக்கா. வயது ஐம்பத்தெட்டு. எங்கள் வீடுகளைப் போலவே அவருடைய கடையும் பாறைக்குள் குடைந்தது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். ஓப்பல் என்ற வண்ணக் கல்லைத் தோண்டுகிறவர்களிடம் “என்ன கிடைத்தது?” என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல கல் கிடைத்தவன் இருப்பதிலேயே கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவான். ஆனால் அக்காவிடம் எதையும் மறைக்க முடியாது. தலைமுடியில் விரலை விட்டால் போதும், அது எந்தக் குழியின் தூசி என்று சொல்லிவிடுவார். சொன்னதும் வாயை மூடிக்கொள்வார். பிறகு அதைக் கதையாக எழுதுவார்.

அவர் கதையில் பேராசைக்காரன் என்று ஒருவனும் கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “ஆசைக்காரன எழுதினா, பக்கத்து வீட்டுக்காரன்னு நெனச்சிச் சிரிப்பாங்க. பயந்தவன எழுதிப் பாரு, அவனவன் தன் தலையத் தடவிப் பாத்துக்குவான்” என்றார்.

அந்த வாரக் கதையில் மாத்தே என்பவன் தன் குழிச் சுவரில் ஓப்பலின் வண்ணக் கோடு ஒன்றைக் காண்கிறான். கோடு நேராகத் தூணுக்குள் போகிறது. கூரை சரியாமல் இருக்க வெட்டாமல் விட்டுவைத்த மண்தூண். கதை அங்கே நின்றிருந்தது. கடைசிப் பகுதியும் எழுதி முடிந்து சீப்பு வைக்கும் இழுப்பறையில் கிடந்தது. நான் திருட்டுத்தனமாகப் படித்திருந்தேன். அதில் மாத்தே பிழைக்கவில்லை.

அப்போது நாற்காலியில் இருந்தவர் அக்காவின் தம்பி தோமா. தனியாகக் குழி தோண்டுகிறவர். கண்ணாடியோரத் தாளைப் படித்துவிட்டுக் கேட்டார்.

“அக்கா, இந்த மாத்தே சாகப்போறானா?”

“இன்னும் முடிவு பண்ணலடா.”

வலது பக்கம் வெட்டி முடித்துக் கழுத்துக்கு வந்த அக்காவின் விரல் நின்றது. எதிரே இருக்கும் சுவரை வெட்டுகிறவனுக்குத் தூசி புருவத்தில்தான் படியும். தோமாவின் சட்டைக் கழுத்துக்குள் குருணை அளவில் வெள்ளைக் கற்கள் கிடந்தன.

“கூரை உதிருதாடா?”

“சும்மா தூசிக்கா.”

“தூண்ல கை வெச்சிட்டியா?”

தோமா கண்ணாடியைப் பார்க்கவில்லை. “இன்னும் ஒரு முழம்தான். விட்டுட்டு வந்தா எலிங்க எடுத்துட்டுப் போயிடும். நான் என்ன பேராசையா படறேன்? பயமா இருக்குக்கா.” அடுத்தவர் குழியில் இறங்கித் திருடுகிறவர்களை நாங்கள் எலி என்போம்.

அக்கா மெஷினை அணைத்தார். “எந்திரி.”

“பாதிதானே வெட்டியிருக்க!”

“கீழ மரத்துல முட்டுக் குடுத்துட்டு வா. மீதியை அப்புறம் வெட்டறேன்.”

“பைத்தியம்!” என்று கத்திவிட்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு தோமா வெளியேறினார். வழியில் மளிகைக் கடையில் பக்கத்துக் குழிக்காரர் ஸ்பிரோ அந்தத் தொப்பியைத் தட்டிவிட்டார். “ஏய் தோமா! உன் தலையிலயும் அக்கா ‘தொடரும்’ போட்டுட்டாங்களா?” கடையே சிரித்தது. கதையைப் படித்திருந்த எல்லோருக்கும், தோமாவும் தூணில் கை வைத்துவிட்டார் என்பது புரிந்துவிட்டது. அதன் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலை ஸ்பிரோ லாரியில் மரத்தோடு வந்து நின்றார். “உன் கல்ல நான் பாக்க மாட்டேன்யா. வேணும்னா கண்ண மூடிக்கறேன். மரத்தப் புடி.”

முதல் மரத்தைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது மண்ணுக்கடியில் ஏதோ உறுமியது. குழியின் வாயிலிருந்து தூசி பொங்கி வந்தது. தோமாவின் ஒரு கால் ஏணியில், ஒரு கால் தரையில். ஸ்பிரோ அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தார். அப்போது ஸ்பிரோவின் கண் நிஜமாகவே மூடியிருந்ததாம். தூண், வண்ணக் கோடு, விளக்கு, டீ பிளாஸ்க் எல்லாம் மண்ணுக்குள் புதைந்துவிட்டன.

மதியம் அக்காவின் கடையில் நான் இருந்தேன். தோமா நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “எல்லாம் போச்சுக்கா” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார். “கதையில அவன் என்ன ஆனான்?”

அக்கா மெஷினைப் போட்டார். இடது பக்கத்தை நிதானமாக வெட்டி முடித்தார். இழுப்பறையைத் திறந்து, மாத்தே சாகும் அந்தக் கடைசித் தாளை எடுத்தார். அதை இரண்டாக மடித்து, தரையில் கிடந்த தம்பியின் முடியை வாரி அள்ளி, தாளோடு சேர்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

இதைப் படிக்கிறவர்கள், மண்ணுக்குள் இறங்கும் ஒருவரிடமாவது இதைச் சொல்லுங்கள். மாத்தே சாகவில்லை என்றும் சொல்லுங்கள்.