ஜன்னல் வழியே நடந்த கடை

விடிந்ததும் செல்வி அக்காவிடமிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி தூக்கத்துலயே போயிட்டாரும்மா." திருவொற்றியூரில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில்தான் காசிமேட்டுக் கடை. அந்த நேரத்துக்குள்ளாகவே, மாடியிலிருக்கும் எங்கள் மீன்வலைக் கடையின் ஜன்னலை மறைத்து ஓர் இரங்கல் ஃபிளெக்ஸ் தொங்கியது. அண்ணாச்சியின் முகத்தைவிட, கைகூப்பி நின்ற கட்டட உரிமையாளரின் முகம் பெரிது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஃபிளெக்ஸில் அது வேண்டிய அளவு பெரிதாகவே இருந்தது.

தவசி அண்ணாச்சி தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, மனைவி செல்வி அக்காவுடன் அந்தக் கடையை நடத்தியவர். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான என்னைப் பில் போடச் சேர்த்தார். என் குரல் எளிதில் வெளியே வராது. அதற்காக அவர் ஒருநாளும் கேலி செய்ததில்லை.

உரிமையாளருக்குக் கடை காலியாக வேண்டும். அண்ணாச்சி வழக்குப் போட்டார். வழக்கு முடியும்வரை வியாபாரத்தைத் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. "ஜட்ஜு இன்னா, என் வூட்டுக்குப் பங்காளியா?" என்றார் அந்தப் பெருந்தகை. அடுத்த வாரமே மாடிப்படியை இடித்தார். பழுதுபார்க்கிறாராம். காவல் நிலையத்திலும் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவர்களும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

வலையை ஜன்னல் வழியே கயிற்றில் இறக்கித் தருவது எங்கள் வழக்கம். படகுக்காரர்கள் அதே ஜன்னலில் நூலேணி கட்டினார்கள். விசைப்படகு ஓட்டும் மணி, உரிமையாளரின் காதுபடவே சொன்னார்: "இன்னா நைனா, படியத்தான இட்ச்ச? கடை அங்கியேதான கீது."

அண்ணாச்சி முதலில் ஏறினார். பின்னால் நான் கீழே பார்த்துப் பார்த்து ஏறினேன். "கீழ பாக்காத தாயி. பாத்தா அந்தாளு மூஞ்சிதான் தெரியும்" என்றார் மேலிருந்து.

அவர் இறந்த காலையில், ஃபிளெக்ஸுக்குப் பின்னால் கொத்தனாரின் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. சாரத்தில் நின்று ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த நூலேணி தரையில் கிடந்தது. பக்கத்தில் உரிமையாளர், கையில் ரோஜா மாலையோடு.

"கோர்ட்டு ஆர்டரு அவருக்குத்தாம்மா. ஆளே பூட்டாரு, இன்னும் இன்னா ஆர்டரு?"

"செல்வி அக்கா இருக்காங்க. கடையும் இருக்கு" என்றேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு என் குரல் எழுந்துவிட்டது. மணி சாரத்தில் ஏறி ஃபிளெக்ஸைக் கிழித்து இறக்கினார். சாந்து காயாத செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து, உரிமையாளரின் காலடியில் மரியாதையாக அடுக்கினார்.

காரியம் முடிந்த மறுநாள், புது நூலேணியில் செல்வி அக்கா ஏறினார். நான் அடியில் பிடித்துக்கொண்டேன். எதிரே உரிமையாளர் நின்றிருந்தார். அக்கா கீழே பார்க்கவே இல்லை.

போய் வாருங்கள் அண்ணாச்சி. கடை திறந்திருக்கிறது.